மூடிய கதவும் மர அகப்பையும்: எல்சா, அன்னாவுக்குப் பின்னால் ஒரு நார்வே கதை

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மூடிய கதவைத் தட்டுகிறாள். பனிப்பொம்மை செய்யலாம் வா என்று உள்ளே இருக்கும் அக்காவைக் கூப்பிடுகிறாள். போய்விடு என்று ஒரு குரல் வருகிறது. ஒரே பாட்டுக்குள் அந்தச் சிறுமி வளர்ந்து, பெற்றோரைக் கடலுக்குப் பறிகொடுத்து, கறுப்பு உடையில் மறுபடியும் அதே கதவின் முன் வந்து நிற்கிறாள். இந்த முறை பதிலே இல்லை. கதவுக்கு அப்பால் அக்காவும் அதே கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியாது.

தட்டுகிற தங்கை அன்னா, உள்ளே இருக்கும் அக்கா பனியை வரவழைக்கும் சக்தியோடு பிறந்த எல்சா. அவர்கள் வரும் டிஸ்னியின் 'ஃப்ரோசன்' படம் 2013 நவம்பரில் வந்தது. இரண்டு ஆஸ்கர் விருதுகளும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலும் பெற்றது. அதில் வரும் பனி அரண்மனையும் 'லெட் இட் கோ' பாட்டும் உலகப் புகழ் பெற்றவை. எனக்கென்னவோ அந்தப் படத்தின் உயிர் இந்தக் கதவில்தான் இருக்கிறது என்று தோன்றும். இந்தக் கதவு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது, எல்லோரும் கைகாட்டும் இடத்தில் அது இல்லை.

எல்லோரும் கைகாட்டுவது டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844 டிசம்பரில் வெளியிட்ட 'பனி ராணி' கதையை. படமும் அந்தக் கடனை மறைக்கவில்லை. ஹான்ஸ், கிறிஸ்டாஃப், அன்னா, ஸ்வென் என்ற நான்கு பெயர்களையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஆசிரியர் பெயர் காதில் விழும். (அன்னா என்று நான் எழுதுகிற பெயரைப் படத்தில் 'ஆனா' என்றுதான் உச்சரிக்கிறார்கள். தமிழில் அப்படி எழுதினால் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆனா... ஆனா...' என்று இழுப்பது போலாகிவிடும். ஆகவே அன்னா.)

ஆண்டர்சனிடமிருந்து படத்துக்குக் கிடைத்தது என்ன? பனியும், உறைந்த இதயமும், அதை உருக்கும் அன்பும். அவர் கதையில் கெர்டா, காய் என்று ஒரு சிறுமியும் சிறுவனும் அடுத்தடுத்த வீட்டில் வளர்கிறார்கள். மாயக்கண்ணாடி ஒன்று உடைந்து சிதறுகிறது. அதன் துணுக்குகள் காயின் கண்ணிலும் இதயத்திலும் தைக்கின்றன. அவன் மனம் கெட்டுப்போகிறது, பனி ராணி அவனை வடக்கே கொண்டுபோகிறாள். கெர்டா தேடிப் போய் அவன் மார்பில் கண்ணீர் விட, இதயத்துப் பனி உருகுகிறது. இருவரும் உடன்பிறந்தவர்கள் அல்லர் என்று ஆண்டர்சனே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். பனி ராணி யாருக்கும் உறவில்லை. கெர்டா அரண்மனைக்குள் நுழையும் நேரத்தில் அவள் வீட்டிலேயே இல்லை. எட்னா, வெசூவியஸ் எரிமலைகளின் தலைக்கு வெள்ளையடிக்கத் தெற்கே போயிருக்கிறாள். இவ்வளவு பெரிய வில்லியைக் கடைசிக் கட்டத்தில் ஊருக்கு அனுப்பிவைத்த துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அக்கா தங்கை கதை அங்கே இல்லை.

படக்குழுவிடமும் அது முதலில் இல்லை. வெகுநாள் வரை எல்சா ஒரு வில்லிதான். அவளும் அன்னாவும் அக்கா தங்கையாகட்டும் என்பது வேலையின் நடுவே வந்த யோசனை. கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸ், ராபர்ட் லோபஸ் தம்பதி 'லெட் இட் கோ' பாட்டை எழுதிக் கொடுத்த பிறகு, இப்படிப் பாடுகிறவளை வில்லியாக வைத்திருக்க முடியாது என்று கதையையே திருப்பி எழுதினார்கள். நிறுவனத்தில் வேலை செய்த, சகோதரிகள் உள்ள பெண்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்து, எதற்குச் சண்டை போட்டீர்கள், எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். ஆக, பனி புத்தகத்திலிருந்து வந்தது, உறவு வீடுகளிலிருந்து வந்தது. வீடுகளிலிருந்து வந்த உறவு வீடுகளில் சொல்லப்பட்ட பழைய கதை ஒன்றின் சாயலில் அமைந்துவிட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பழைய கதை நார்வேயில் இருக்கிறது. ஆரண்டெல் என்ற கற்பனை நாட்டுக்கு முகம் கொடுத்ததும் நார்வேதான். பெர்கன் துறைமுகத்து மரவீடுகளும் ஃபியோர்டுகளும் (மலைகளுக்கிடையே உள்ளே புகுந்த கடல்) மரத்தாலான பழைய தேவாலயங்களும் படம் முழுக்கத் தெரிகின்றன. கதையின் பெயர் 'லுர்வெஹெட்டெ'. கந்தல் முக்காடு என்று பொருள். பீட்டர் கிறிஸ்டன் அஸ்பியோர்ன்சன், யோர்கன் மோ என்ற இருவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊர் ஊராகப் போய்த் திரட்டிய நார்வே நாட்டார் கதைகளில் ஒன்று. ஜார்ஜ் வெப் டேசன்ட் 1859இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். நாட்டார் கதை ஆய்வாளர்கள் உலகக் கதைகளுக்குப் போட்டுவைத்திருக்கும் எண்வரிசையில் இதற்கு 711. 'அழகிய இரட்டையும் அழகற்ற இரட்டையும்' என்பது அந்த வகையின் பெயர்.

படத்தின் மூலம் இதுதான் என்று நான் சொல்லவரவில்லை. எடுத்தவர்கள் இதை மனதில் வைத்திருந்தார்களா என்பது எனக்கு முக்கியமும் இல்லை. இரண்டையும் எதிரெதிரே வைத்தால் ஒன்றில் மற்றது தெரிகிறது, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகவும் வலம் இடமாகவும். அதைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முதலில் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு ராஜாவுக்கும் ராணிக்கும் குழந்தை இல்லை. ராணி ஒரு பெண்குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். அந்தப் பிள்ளை ஒருநாள் முற்றத்தில் தங்க ஆப்பிளை வைத்து விளையாடும்போது பிச்சைக்காரச் சிறுமி ஒருத்தி சேர்ந்துகொள்கிறாள். ராணி ஜன்னலைத் தட்டித் தன் பிள்ளையை மேலே கூப்பிட, இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டே வருகிறார்கள். கந்தல் கட்டிய பிச்சைக்காரியோடு உனக்கென்ன விளையாட்டு என்று ராணி திட்டி, அந்தச் சிறுமியைத் துரத்தப் பார்க்கிறாள். என் அம்மாவின் சக்தி தெரிந்தால் துரத்தமாட்டீர்கள், குழந்தை பிறக்க வழி சொல்வாள் என்கிறாள் சிறுமி. இரண்டு பெண்பிள்ளைகளின் கோத்த கையைப் பிரிக்கப் பார்க்கும் ராணியோடுதான் கதை தொடங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'கந்தல்' என்ற சொல் அங்கேயே விழுந்துவிடுகிறது.

அம்மாக்காரி வருகிறாள். படுக்கப் போகும்முன் இரண்டு தொட்டித் தண்ணீரில் குளித்து, அந்தத் தண்ணீரைக் கட்டிலுக்கடியில் கொட்டு. காலையில் இரண்டு பூ முளைத்திருக்கும், ஒன்று அழகு, ஒன்று அசிங்கம். அழகானதைத் தின்னு, மற்றதைத் தொடாதே. ராணி அழகான பூவைத் தின்கிறாள். ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. இன்னொன்றையும் தின்றுவிடுகிறாள், அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று.

பிரசவமாகிறது. முதலில் வருவது கையில் மர அகப்பையோடு, வெள்ளாட்டின் மேல் ஏறி, வந்ததும் வராததுமாக 'அம்மா' என்று கத்தும் ஒரு பெண். 'உனக்கு நான்தான் அம்மா என்றால் நான் திருந்தக் கடவுள்தான் அருள வேண்டும்' என்று ராணி புலம்புகிறாள். 'கவலைப்படாதே, எனக்குப் பின்னால் அழகான ஒருத்தி வருகிறாள்' என்று ஆறுதல் சொல்கிறது அப்போதுதான் பிறந்த பிள்ளை. அப்படியே அழகான தங்கை பிறக்கிறாள். மூத்தவள் எப்போதும் அழுக்கும் கந்தலுமாக, காதருகே கிழிந்து தொங்கும் முக்காட்டோடு திரிவதால் அவளுக்குக் கந்தல்முக்காடி என்று பெயர் விழுகிறது. தங்கைக்குக் கதை பெயரே வைக்கவில்லை.

பெண்கள் ஓரளவு வளர்ந்தபின் ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவு. ராணியின் அறைக்கு வெளியே உள்ள நடையில் பெரும் கூச்சல். ட்ரோல் கிழவிகள் அங்கே தங்கள் பண்டிகையைக் கொண்டாடுகிறார்களாம். (ட்ரோல் என்பதற்குத் தமிழில் பேய், பூதம், அரக்கர் என்று எதைப் போட்டாலும் கொஞ்சம் பிசகும், அதனால் அப்படியே விடுகிறேன்.) எல்லாக் கதவுகளையும் இறுக்கச் சாத்திக்கொள்ளுங்கள், நான் போய் விரட்டிவிட்டு வருகிறேன் என்று அகப்பையைத் தூக்கிக்கொண்டு தனியே போகிறாள் கந்தல்முக்காடி. வெளியே அடிதடி, இடிபாடு. ஒரு கதவு மட்டும் எப்படியோ ஒருக்களித்துத் திறந்துகொள்கிறது. அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்று தங்கை தலையை நீட்டுகிறாள். கிழவி ஒருத்தி அந்தத் தலையைப் பறித்துக்கொண்டு கன்றுக்குட்டித் தலையை அங்கே வைத்துவிடுகிறாள். அழகி நான்கு காலில் நடந்து கன்றாகக் கத்துகிறாள்.

திரும்பி வந்த அக்கா, ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று வீட்டிலுள்ள எல்லோரையும் வைகிறாள். நன்றாகப் பூட்டிய கப்பல் ஒன்று வேண்டும், மாலுமிகள் வேண்டாம் என்கிறாள். தங்கையை ஏற்றிக்கொண்டு தானே கப்பலை ஓட்டிப்போய் ட்ரோல் நாட்டில் கரையேறுகிறாள். தங்கையைக் கப்பலில் சத்தமில்லாமல் இருக்கச் சொல்லிவிட்டு ஆட்டின் மேல் ஏறி அவர்களது கோட்டைக்குப் போனால், திறந்த ஜன்னலின் விளிம்பில் தங்கையின் தலை இருக்கிறது. பாய்ந்து எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். ட்ரோல்கள் திரண்டு துரத்துகின்றன. ஆடு முட்டுகிறது, அவள் அகப்பையால் சாத்துகிறாள். கப்பலுக்கு வந்து கன்றுத்தலையை எடுத்துவிட்டு மனிதத்தலையை வைக்கிறாள். அதன்பிறகு வீட்டுக்குத் திரும்பாமல் இருவரும் நெடுந்தூரம் போய் வேறொரு ராஜாவின் நாட்டை அடைகிறார்கள். மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் விழுந்து விழுந்து படித்தது இந்தச் சாகசங்களை அல்ல. நடுவில், இரட்டையர் பிறந்ததைச் சொன்ன கையோடு, கதை ஒரு சிறு செய்தியைப் போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போகிறது. ராணிக்கு மூத்தவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தாதிமார் அவளைத் தனி அறையில் அடைத்துவைக்கப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. தங்கை இருக்கும் இடத்தில் அவளும் இருந்தாக வேண்டும், இருவரையும் பிரிக்க யாராலும் முடியவில்லை.

படத்தின் முதல் கால்மணி நேரம் முழுவதும் அந்தச் சின்னச் செய்தியின் மறுபக்கம். எட்டு வயது எல்சா இரவில் விளையாடும்போது தவறுதலாகத் தங்கையின் தலையில் பனியை வீசிவிடுகிறாள். பயந்துபோன ராஜா கோட்டை வாசலைப் பூட்டுகிறார், வேலைக்காரர்களைக் குறைக்கிறார், எல்சாவுக்குத் தனி அறையும் கையுறையும் கொடுக்கிறார். அவள் சக்தி அன்னாவுக்கும் தெரியக்கூடாது. கந்தல்முக்காடியின் வீட்டில் தோற்ற ஏற்பாடு ஆரண்டெலில் ஜெயித்துவிடுகிறது. அந்த வெற்றிக்கு ஆகும் செலவுதான் படத்தின் கதை. ஒரு வீடு, தன் வழக்கத்துக்குப் பொருந்தாத பிள்ளையை அறைக்குள் வைத்தால் பதின்மூன்று வருடத்தில் என்ன நடக்கும்? வெளியில் இருந்தவள் முதலில் புன்னகைத்த ஆணிடம் அன்றைக்கே கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். உள்ளே இருந்தவள் தன் கையையே கண்டு நடுங்குகிறாள். நாட்டார் கதையில் தாதிமார் ஜெயித்திருந்தால் கந்தல்முக்காடியும் எல்சாவாகியிருப்பாள்.

இரண்டு வீடுகளிலும் பெற்றோர் கெட்டவர்கள் இல்லை, இதையும் சொல்ல வேண்டும். ஆரண்டெல் ராஜா பாசத்தில்தான் பூட்டுகிறார். ராணியின் வெறுப்புக்குப் பின்னால் அவளது சொந்த நாக்கின் பலவீனம் இருக்கிறது. அந்தப் பூவைத் தின்றது அவள்தானே. ட்ரோல் மூத்தவர் எல்சாவைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, இது பிறவியிலேயே வந்ததா, சாபமா என்பது. பிறவி என்கிறார் அப்பா. அந்தக் கேள்வியைக் கந்தல்முக்காடியின் அம்மாவிடம் கேட்டிருந்தால் அவள் கட்டிலுக்கடியைக் காட்டியிருக்க வேண்டும்.

ட்ரோல்கள் என்றதும் இன்னொன்று. அடிபட்ட அன்னாவைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் ஓடுவது ட்ரோல்களிடம். நல்லவேளை, இதயத்தில் படவில்லை, இதயத்தை மாற்றுவது கடினம், தலையைச் சரிக்கட்டிவிடலாம் என்கிற மாதிரி பேசிவிட்டு, அக்காவின் மாயத்தைப் பற்றிய நினைவுகளையெல்லாம் அந்தப் பிள்ளையின் தலையிலிருந்து எடுத்துவிட்டு வேறு நினைவுகளை வைக்கிறார் அந்த மூத்தவர். நார்வேயின் பழைய ட்ரோல் கிழவி தங்கையின் தலையை எடுத்துவிட்டு வேறு தலை வைத்தாள். படத்தின் அன்பான ட்ரோலும் அதைத்தான் செய்கிறார், இன்னும் நாகரிகமாக. கன்றுத்தலை என்றால் அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும், மீட்கக் கப்பல் ஏறலாம். நினைவு மாறிய தலை வெளியே தெரியாது, ஒரு வெள்ளை முடிக்கற்றை தவிர. அதை மீட்கப் போக யாருக்கும் தோன்றவும் இல்லை. படத்தில் எனக்கு மிகவும் பயங்கரமாகப்படும் காட்சி இது. குழந்தைகள் சிரித்துக்கொண்டே பார்க்கும்படி எடுத்திருக்கிறார்கள்.

கதவுக்கு வருவோம். இரண்டு கதையிலும் கதவைச் சாத்தச் சொல்கிறவள் அல்லது சாத்திக்கொள்கிறவள் அக்கா. திறக்கிறவள் அல்லது திறக்கச் சொல்கிறவள் தங்கை. இருவருக்கும் காரணம் ஒன்றே, மற்றவளுக்கு ஆபத்து வரக்கூடாது. கந்தல்முக்காடி சாத்தச் சொல்வது வெளியே உள்ள ட்ரோல்களுக்காக. எல்சா சாத்திக்கொள்வது உள்ளே இருக்கும் தனக்காக. முதலாமவளின் கதவு காப்பாற்றும் கதவு, தங்கை எட்டிப் பார்த்ததால் தலைபோனது. இரண்டாமவளின் கதவு கொல்லும் கதவு, தங்கை தட்டுவதை நிறுத்தாததால்தான் இருவருக்கும் உயிர் மிஞ்சியது. ஒரே குணம்தான்: அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தே தீரவேண்டிய குணம். நாட்டார் கதை அதைச் சின்னப் பிள்ளையின் அசட்டுத்தனமாக எண்ணித் தண்டிக்கிறது. படம் அதையே கதாநாயகியாக்குகிறது. பெயரில்லாமல் கப்பலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த அந்தத் தங்கைக்கு ஒரு பெயரும் ஒரு குதிரையும் கொடுத்து மலையேற அனுப்பினால் அவள் அன்னா.

கண்ணாடி இடவலம் மாறுவது இங்கேதான். பழைய கதையில் ஊருக்கு விசித்திரமானவள் மீட்கிறாள், ஊருக்குப் பிடித்தவள் மீட்கப்படுகிறாள். படத்தில் ஊருக்குப் பிடித்தவள் புறப்பட்டுப் போகிறாள், விசித்திரமானவள் மலை மேல் இருக்கிறாள். அங்கே எல்சாவின் பனி தவறுதலாக அன்னாவின் இதயத்தில் பட்டுவிடுகிறது. கடைசியில் அக்காவின் கழுத்துக்கு வந்த வாளின் முன் அன்னா பாய்ந்து நின்று பனிச்சிலையாகிறாள். அக்கா கட்டிக்கொண்டு அழ, சிலை உருகுகிறது. கண்ணீர் ஆண்டர்சனுடையது, பாய்ச்சல் கந்தல்முக்காடியுடையது. உறைந்த இதயத்தை அன்பின் செயல்தான் உருக்கும் என்று கேட்டு, முத்தம் கொடுக்க ஆள் தேடிப் பாதிப் படம் ஓடிய பிறகு, அந்தச் செயல் தங்கை தானே செய்யவேண்டியதாக இருந்தது.

தமிழில் இதை எழுதுவதில் ஒரு வசதி. ஆங்கிலத்தில் சிஸ்டர் என்றால் மூத்தவளா இளையவளா என்பதைத் தனியே சொல்ல வேண்டும். தமிழில் அக்கா, தங்கை என்று வாயெடுத்த உடனே யார் யாருக்குப் பொறுப்பு என்பதும் வந்துவிடுகிறது. இரட்டையரில் சில நிமிடம் முந்திப் பிறந்தவளும் நமக்கு அக்காதான், கப்பல் ஓட்டவேண்டியது அவள்தான். 2019இல் 'ஃப்ரோசன் 2' தமிழிலும் பேசியது. எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன், அன்னாவுக்கு டிடி என்று நாம் அறிந்த திவ்யதர்ஷினி குரல் கொடுத்தார்கள்.

நார்வே கதைக்கு ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் ஒரு பங்காளி உண்டு. ஆண்ட்ரூ லாங் வெளியிட்டு, ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் தன் 'ஆங்கில தேவதைக் கதைகள்' தொகுப்பில் சேர்த்தது. ராஜாவின் முதல் தாரத்து மகளுக்கு ஆட்டுத்தலை வருகிறது. வரவைத்தவள் சின்னம்மா. அந்தச் சின்னம்மாவின் சொந்த மகள் கேட், தாயின் பக்கம் நிற்காமல் சகோதரியின் தலையில் நல்ல துணியைச் சுற்றி, கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கிவிடுகிறாள். பிறகு நோயில் கிடக்கும் ஓர் இளவரசனின் பின்னால் தேவதைகளின் குன்றுக்குள் போய், அங்கே விளையாடும் குழந்தைக்குக் கொட்டைகளை உருட்டிவிட்டு ஏமாற்றி, மந்திரக்கோலை எடுத்து வந்து சகோதரியைக் குணமாக்குகிறாள். இதில் எனக்குப் பிடித்த செய்தி கதைக்கு வெளியே இருக்கிறது. லாங் பெற்ற வடிவத்தில் இரண்டு பெண்களுக்குமே கேட் என்றுதான் பெயர். குழம்புகிறதே என்று ஜேக்கப்ஸ் ஒருத்தியை ஆன் ஆக்கினார். அவர் திருத்தியது வாசகருக்கு உதவிதான். இருந்தாலும் சொன்னவர்களுக்கு இரண்டு பேரையும் பிரித்துக் கூப்பிடத் தோன்றவில்லை என்பதை அந்தத் திருத்தம் அழித்துவிட்டது.

நார்வே கதையில் மிச்சம் வைத்தது கல்யாணம். அக்காவும் தங்கையும் போய்ச் சேர்ந்த நாட்டின் ராஜா மனைவியை இழந்தவர், ஒரு மகன் உண்டு. கப்பலில் இருக்கும் அழகியைப் பார்த்ததும் அங்கேயே மணக்க வேண்டும் என்கிறார். கந்தல்முக்காடி ஒரே பிடியாக நிற்கிறாள்: உங்கள் மகன் என்னைக் கட்டினால்தான் இவள் உங்களுக்கு. மகன் மறுக்கிறான், எல்லோரும் சேர்ந்து சம்மதிக்கவைக்கிறார்கள். முதலில் படிக்கும்போது பேராசை போலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால், தங்கை தூரதேசத்து அரண்மனைக்குள் போய்விட்டால் கந்தல் கட்டியவளை வாசலில் யார் விடுவார்கள்? ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டால் தவிர இருவரும் சேர்ந்திருக்க வழியில்லை. அந்த ஆர்க்னிக் கதையிலும் அண்ணன் தம்பி இருவரை அக்கா தங்கை இருவரும் கட்டுகிறார்கள். பெண்கள் பிரியாமல் இருப்பதற்கு அந்தக் காலத்தில் கிடைத்த ஒரே சட்டப்பூர்வமான ஏற்பாடு அது. என்ன, நார்வேக் கணக்குப்படி அக்கா தன் தங்கைக்கே மருமகளாகிவிடுகிறாள். கதை சொன்ன பாட்டிகள் இதை நினைத்துச் சிரித்திருப்பார்கள்.

ஊர்வலம் தேவாலயத்துக்குப் போகிறது. முன்னால் ராஜாவும் தங்கையும். பின்னால் ஆட்டின் மேல் அக்கா, பக்கத்தில் குதிரையில் சாவுவீட்டுக்குப் போகிறவன் மாதிரி இளவரசன். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று அவள் கேட்கிறாள். என்ன பேச என்கிறான். இந்த அசிங்கமான ஆட்டில் ஏன் வருகிறாய் என்றாவது கேளேன் என்கிறாள். கேட்கிறான். 'இதுவா அசிங்கமான ஆடு? மணப்பெண் ஏறியதிலேயே அழகான குதிரையாயிற்றே' என்கிறாள், ஆடு குதிரையாகிறது. அதேபோல அகப்பை, முக்காடு, கடைசியில் முகம். ஒவ்வொன்றையும் அவள் சொல்லிக்கொடுக்க அவன் கேட்கிறான், அவள் மறுத்துச் சொன்னதும் அது மாறுகிறது. தங்கையைவிடப் பத்து மடங்கு அழகியாகிவிடுகிறாள்.

முத்தத்தால் மாறவில்லை, தன் சொல்லால் மாறினாள் என்பது எல்சாவுக்கு மிக அருகில் வருகிறது. மலையுச்சியில் பழைய உடையைத் தன் கையாலேயே பனி உடையாக்கிக்கொள்கிறாளே, அங்கே. ஆனால் எல்சாவைப் பார்க்க அப்போது ஒருவரும் இல்லை. கந்தல்முக்காடி தன் மாற்றத்தைத் தங்கையின் ஊர்வலத்தில் வைத்துக்கொண்டாள். தனியாக அடைந்த விடுதலை கீழே ஊர் உறையக் காரணமானது என்பதைப் படம் பாட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுகிறது. பாட்டைப் பாடித் திரியும் நாம்தான் அதை மறந்துவிடுகிறோம்.

அழகியாகிவிடுகிறாள் என்ற முடிவு பலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்தும். எத்தல் ஜான்ஸ்டன் ஃபெல்ப்ஸ் 1978இல் அமெரிக்காவின் ஃபெமினிஸ்ட் பிரஸ் வெளியிட்ட தொகுப்பில் இந்தக் கதையை மறுபடி சொன்னபோது இந்த இடத்தைத் திருத்தினார். அழகு வேண்டுமா என்பதை அவள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறான் இளவரசன். நல்ல திருத்தம்தான். ஆனால் பழைய வடிவத்திலும் அவள் அத்தனை காலமும் விரும்பித்தான் கந்தலோடு இருந்திருக்கிறாள் என்பது தெரிகிறதே. ஒரு சொல்லில் மாற்றிக்கொள்ள முடிந்தவள், அம்மா முகம் சுளித்த நாளில் ஏன் மாற்றிக்கொள்ளவில்லை? எல்சாவுக்கு அப்பா கற்றுத்தந்தது மறைத்துக்கொள், உணராதே என்பது. அகப்பையோடு பிறந்தவள் எதையும் மறைக்கவில்லை. அதனால்தான் அவளிடம் பனி எதுவும் சேரவில்லை.

இரண்டாம் படத்தில் எல்சாவும் அன்னாவும் பிரிகிறார்கள். தாயின் இனத்தார் வாழும் காட்டில் எல்சா தங்கிவிடுகிறாள், அன்னா ஆரண்டெலின் ராணியாகிறாள். பாலத்துக்கு இரண்டு கரை, அம்மாவுக்கு இரண்டு மகள் என்று அதற்கு ஒரு சமாதானம் வருகிறது. 2019இன் பெண்களுக்கு ஒரே வீட்டில் வாழ்க்கைப்படவேண்டிய அவசியம் இல்லை, அவரவர் நாடு அவரவருக்கு. நியாயம்தான். என்றாலும் கடைசியில் காற்று ஒரு கடிதத்தைக் கொண்டுவருகிறது, வெள்ளிக்கிழமை விளையாட்டுக்கு வந்துவிடு என்று தங்கை எழுதியிருக்கிறாள். எல்சா நீர்க்குதிரையின் மேல் ஏறிப் புறப்படுகிறாள். நார்வே அரண்மனையில் அந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. கூடத்தில் அடுத்த இருக்கையில் அக்கா உட்கார்ந்திருப்பாள்.